புத்தகம் கணினிக்குள்ளேயே இருக்கிறது!

"லினக்ஸ் போட்டுவிட்டேன். சொல்லித்தர ஆள்தான் இல்லை." கழுகுமலை, கோவில்பட்டி பக்கம் மாணவர்களிடம் நான் அடிக்கடி கேட்கும் குறை இது. ஆள் இல்லை என்பது உண்மைதான். ஆனால் புத்தகமும் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

2011-ல் தமிழக அரசு இலவச லேப்டாப் வழங்கத் தொடங்கியபோது, விண்டோஸுடன் பாஸ் லினக்ஸையும் சேர்த்தே கொடுத்தது. இது டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் உருவாக்கியது. டெபியனில் ஒரு நல்ல விதி உண்டு. ஒவ்வொரு பேக்கேஜும் தன் பெயரில் ஒரு ஃபோல்டரை யுஎஸ்ஆர், ஷேர், டாக் என்ற பாதையில் வைக்க வேண்டும். எழுதியவர் யார், உரிமம் என்ன என்ற விவரம் அதில் கட்டாயம் இருக்கும். எங்கள் ஊர் மலையில் சமணச் சிற்பங்களின் கீழே, செய்வித்தவர் பெயரை வட்டெழுத்தில் வெட்டி வைத்திருக்கிறார்களே, அதுபோலத்தான்!

டெர்மினலைத் திறந்து 'மேன்' என்று அடித்து, இடைவெளி விட்டு கமாண்டின் பெயரைக் கொடுங்கள். அதற்கான கையேடு வரும். பெயரே தெரியாவிட்டால் 'ஏப்ரோபாஸ்' என்று அடித்து, தேவையான வேலையை ஓர் ஆங்கிலச் சொல்லில் கொடுத்துத் தேடலாம். 'டிபிகேஜி', ஹைஃபன், பெரிய எல், பிறகு பேக்கேஜின் பெயர் என்று கொடுத்தால், அது நிறுவிய ஃபைல்கள் அனைத்தும் பட்டியலாக வரும். ஃபெடோராவில் 'ஆர்பிஎம்', ஹைஃபன், கியூடி என்று கொடுத்தால் உதவி ஃபைல்கள் மட்டும் வரும். பெரிய கையேடுகள் பல, பெயரின் இறுதியில் 'டாக்' என்று முடியும் தனிப் பேக்கேஜாக இருக்கும். அதைத் தனியே நிறுவ வேண்டும்.

"கூகுளிலும் ஏ.ஐ. சாட்பாட்டிலும் கேட்டால் போதாதா?" என்கிறீர்களா? அங்கே வரும் பதில் வேறு பதிப்புக்கானதாக இருக்கலாம். சாட்பாட் இல்லாத ஆப்ஷனைக்கூட இருப்பதாகச் சொல்லிவிடும். அதை நம்பி ரூட் அனுமதியுடன் ஒரு கமாண்டை ஓட்டினால், ஹார்ட் டிஸ்க்கே காலியாகலாம். உங்கள் கணினியில் உள்ள கையேடோ, நீங்கள் நிறுவிய அதே பதிப்புக்கானது. நெட் இல்லாதபோதும் கைகொடுக்கும்.

யூனிக்ஸின் முதல் கையேடு 1971-லேயே வந்துவிட்டது. கையேட்டையும் சாஃப்ட்வேரின் ஒரு பகுதியாகக் கருதும் பழக்கம் அவ்வளவு பழையது. ஆனால் நம் கம்ப்யூட்டர் லேப்களில் இருபது கமாண்டுகளை மனப்பாடம் செய்ய வைத்துத் தேர்வுக்கு அனுப்பிவிடுகிறோம். 'மேன்' என்ற ஒன்றை முதல் நாளே சொல்லிக்கொடுத்தால், மற்றவற்றை மாணவர்களே தேடிக்கொள்வார்களே!

இந்தக் கையேடுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பது பெரிய தடைதான். 2012 முதல் 'கணியம்' குழுவினர் தமிழில் எழுதி வருகிறார்கள். அது மட்டும் போதாது. இவை கட்டற்ற மென்பொருள்கள். அவற்றை மொழிபெயர்க்க உரிமங்கள் இடம் தருகின்றன. தினமும் பயன்படுத்தும் ஒரே ஒரு கமாண்டின் கையேட்டைத் தமிழாக்கி, பக்கத்து வீட்டு மாணவனிடம் கொடுங்கள். சொல்லித்தர ஆள் இல்லாத ஊர்களுக்கு அதுதான் ஆசிரியர்.