தொட்டிலை எண்ணுகிறவர்கள் புகைபோக்கியையும் எண்ணட்டும்!



கல்லாவில் உட்கார்ந்திருக்கும்போது இந்தப் பேச்சு உங்கள் காதில் விழாமல் இருந்திருக்காது. "வெயில் இப்படிக் கொளுத்துகிறதே, காரணம் என்ன? ஜனத்தொகை! ஆளாளுக்கு நாலு, ஐந்து என்று பெற்றுக்கொண்டால் பூமி தாங்குமா?" சொல்லிவிட்டு உங்கள் தொப்பியை ஒரு பார்வை பார்ப்பார்கள்.

நேற்று வறுமைக்குக் காரணம் நம் வீட்டுத் தொட்டில் என்றார்கள். இன்று புவி வெப்பத்துக்கும் அதுவே காரணமாம்! கோபப்படுவதற்கு முன் கணக்கைப் பார்ப்போம். நீங்கள் வியாபாரி. யார் வாங்கிய கடனை யார் பெயரில் எழுதுகிறார்கள் என்பது பேரேட்டைப் புரட்டினால் தெரிந்துவிடும்.

யார் கடன், யார் பெயரில்?

இரண்டு நாடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் முஸ்லிம் நாடுகளே. எனவே மதச்சண்டைக்கு இங்கே இடமில்லை. ஆப்பிரிக்காவின் நைஜரில் ஒரு பெண் சராசரியாக ஆறு குழந்தைகள் பெறுகிறாள். நம் பிள்ளைகள் பிழைக்கப் போகும் கத்தாரில் இரண்டுக்கும் குறைவு. ஆனால் ஓராண்டில் வெளியாகும் கரியமில வாயு, நைஜரில் ஆளுக்குச் சுமார் 0.1 டன், கத்தாரில் ஆளுக்கு 35 டன்னுக்கு மேல்! ஏற்றுமதிக்கான எரிவாயு ஆலைகளின் புகையும் அதில் சேர்த்திதான். அதைக் கழித்தாலும் கணக்கு தலைகீழாகிவிடாது.

இந்தியாவில் ஆளுக்கு 2 டன் அளவு. அமெரிக்காவில் 14 டன் அளவு. உலகப் பணக்காரர்களில் மேல்தட்டு 10 சதவீதத்தினர் மட்டுமே 2019இல் மொத்தப் புகையில் பாதிக்குப் பொறுப்பு என்கிறது ஆக்ஸ்பாம் அமைப்பின் 2023ஆம் ஆண்டு அறிக்கை.

"பிறப்பைக் குறைத்தால் புகை குறையுமே" என்பார்கள். குறைத்துப் பார்த்த நாடுகள் உண்டு. சீனா 1980 முதல் 2015 வரை ஒரு குழந்தைச் சட்டத்தை நடத்தியது. அந்த 35 ஆண்டுகளில் அதன் கரியமில வாயு ஆறு மடங்குக்கு மேல் பெருகியது. ஈரானில் 1980களின் தொடக்கத்தில் பெண்ணுக்கு ஆறுக்கு மேல் இருந்த பிறப்பு, 2000 வாக்கில் இரண்டு அளவுக்கு இறங்கியது. புகையோ 1990ஐவிட இன்று மூன்று மடங்குக்கு மேல்! ஆள் குறையாவிட்டால் இன்னும் கூடியிருக்கும் என்று வாதிடலாம். இருக்கட்டும். தொட்டில் குறைந்தும் நிலக்கரியும் எண்ணெயும் குறையவில்லையே, அதற்கு என்ன பதில்?

வெப்ப உயர்வை 1.5 டிகிரிக்குள் நிறுத்த, 2050 வாக்கில் நிகரப் புகை பூஜ்யமாக வேண்டும் என்று ஐ.நா. விஞ்ஞானிகள் குழு 2018இல் சொன்னது. இன்று பிறக்கும் குழந்தைக்கு அப்போது வயது இருபத்தைந்துகூட ஆகியிருக்காது. எரிந்துகொண்டிருக்கும் கொதிகலனை விட்டுவிட்டு, பிறக்காத குழந்தையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என்ன நியாயம்?

கட்டாயம் என்று வந்தால்...

அது யார் தலையில் விடியும் என்பதை இந்த நாடு பார்த்திருக்கிறது. 1976 நவம்பரில் ஹரியானாவின் உட்டாவர் கிராமத்தைப் போலீஸ் சுற்றி வளைத்தது. ஆண்களைப் பிடித்துக்கொண்டு போய்க் கருத்தடை செய்தார்கள். 1976-77இல் மட்டும் நாடு முழுவதும் 80 லட்சத்துக்கு மேல் கருத்தடை அறுவைகள்! மாட்டிக்கொண்டவர்களில் முஸ்லிமும் உண்டு, இந்துவும் உண்டு. பெரும்பாலும் ஏழைகள்.

இன்று நிலைமை என்ன? 1992-93இல் முஸ்லிம் பெண்ணுக்கு 4.4 குழந்தைகள்; 2019-21இல் 2.4. இது சர்க்காரின் குடும்ப நலக் கணக்கெடுப்பு. இரண்டுக்கு மேல் பெற்றவர் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கக் கூடாது என்றிருந்த ஆந்திரம், 2024இல் அந்தத் தடையை நீக்கி, கூடுதலாகப் பெறுங்கள் என்கிறது! நேற்று குற்றம், இன்று தேசத் தொண்டு! இதற்கா ஒரு குடும்பத்தின் உரிமையை அடகு வைப்பது?

நம் பக்கக் கணக்கு

இதோடு நிறுத்தினால் பாதி உண்மையைத்தான் சொன்னவர்களாவோம். நைஜரின் குழந்தைக்கும் நாளை விளக்கும் விசிறியும் வேண்டும். எண்ணிக்கைக்கு எந்தப் பங்கும் இல்லை என்று வாதிடுவது நேர்மையல்ல. ஆனால் வழி எது? வங்கதேசத்தைப் பாருங்கள். 1970களில் பெண்ணுக்கு ஆறுக்கு மேல். இப்போது இரண்டு சொச்சம். பெண் ஊழியர்கள் வீடு வீடாகப் போனார்கள். பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். சீனாவைப் போலச் சட்டம் போட்டு மிரட்டவில்லை.

சர்க்கார் கட்டாயப்படுத்துவது அநீதி என்றால், மனைவியின் உடம்பு தாங்குமா என்று கேட்காமல் கணவன் கட்டாயப்படுத்துவதும் அநீதியே. மனைவியின் உயிர்நலம் கருதிக் கருவுறுதலைத் தவிர்ப்பதை இமாம் கஸ்ஸாலி அனுமதித்தார்கள் என்பதை நம் இளைஞர்களில் எத்தனை பேர் அறிவார்கள்?

இன்னொன்று. நைஜரின் 0.1 டன்னைக் காட்டி வாதாடும் நாம், எத்தனை டன்காரர்கள்? நிக்காஹ் விருந்தில் குப்பைக்குப் போகும் பிரியாணி எவ்வளவு? ஆளில்லாத அறையில் ஓடும் ஏ.சி. எத்தனை? பணக்காரனின் வீண்விரயத்தைக் கண்டிக்கிறவன் அவனைப் போலவே வாழ ஆசைப்பட்டால், அவன் சாட்சியம் எடுபடுமா?

சிந்தியுங்கள் சகோதரரே! அடுத்த முறை கடையில் யாராவது உங்கள் பிள்ளைகளை எண்ணினால் தலை குனியாதீர்கள், சண்டைக்கும் போகாதீர்கள். பேரேட்டை விரித்துக் காட்டுங்கள். அதில் உங்கள் பக்கமும் சுத்தமாக இருக்கட்டும்!