செயின் டைட்டா இருந்தா நல்லதுன்னு எவன் சொன்னான்?

மக்களே, பைக் வச்சிருக்கவங்க தாண்டிப் போயிராதீங்க.

1911ல டி.வி.எஸ். ஆரம்பிச்ச ஊரு நம்ம மதுரை, வண்டி அறிவுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் ஒரு தப்பை எல்லாரும் செய்றோம். பால் கேன், நெல்லு மூட்டைன்னு சுமை ஏத்த பின் ஷாக் அப்சார்பரை உயரமா மாத்துறோம். நானும் மாத்தினேன். மெக்கானிக் அண்ணன் சென்டர் ஸ்டாண்டுல நிறுத்தி, பழைய அளவுக்கே செயினை டைட் வச்சுட்டார். மேலூர் ரோட்டுல ரெண்டு பேரா போகையில ஒவ்வொரு வேகத்தடையிலும் கிர்ர்ர்னு சத்தம்!

முன் பல்சக்கரம், ஸ்விங் ஆர்ம் போல்ட், பின் ஆக்சில் மூணும் ஒரே கோட்டுக்கு வரும்போதுதான் செயின் ரொம்ப இறுகும். ஷாக் உயரமானா ஸ்டாண்டுல சக்கரம் இன்னும் கீழே தொங்கும், செயின் லூஸா தெரியும். அதை நம்பி இறுக்கினா, ஆள் ஏறினதும் கம்பி மாதிரி ஆயிடும். கியர்பாக்ஸ் பேரிங் போகும். செயின் அறுந்தா சக்கரமே லாக் ஆகலாம்.

அதனால ரெண்டு ஷாக்கோட கீழ் போல்ட்டையும் கழட்டி, சக்கரத்தைத் தூக்கி, மூணும் நேரா வர்ற இடத்துல கொஞ்சம் ஆட்டம் இருக்கான்னு பாருங்க. ரொம்ப லூஸும் ஆகாது, கழண்டுரும்.

பழைய அளவு பழைய ஷாக்குக்குத்தான். பின்னாடி உக்கார்றது நம்ம வீட்டு ஆளு சாமி!