ஊர்ப் பொது நிலம் எவருக்குச் சொந்தம்?

புதுதில்லி: ஹரியாணா கிராமங்களின் பொது நிலம் குறித்து முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவந்த சட்டப் போராட்டத்தில், 2025 செப்டம்பர் 16-ம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொதுப் பயன்பாட்டுக்கென ஒதுக்கப்படாத நிலம் கிராம ஊராட்சிக்குச் சொந்தமாகாது, அதை விட்டுக்கொடுத்த நில உடைமையாளர்களுக்கே உரியது என்று கூறி, மாநில அரசின் மேல்முறையீட்டை அப்போதைய தலைமை நீதிபதி பி.ஆர். கவாய் தலைமையிலான மூவர் அமர்வு தள்ளுபடி செய்தது.

மேலோட்டமாகப் பார்த்தால் இது ஒரு மாநிலத்தின் நிலத் தகராறு. ஆனால், குளம், மேய்ச்சல் வெளி, சிறு காடு, சுடுகாடு, களம் என்று ஊர் முழுவதும் பகிர்ந்துகொள்ளும் நிலத்தை யார் காப்பது, யார் அனுபவிப்பது, யார் முடிவெடுப்பது என்ற கேள்வி இதில் அடங்கியிருக்கிறது. அந்தக் கேள்வி இந்தியாவின் எல்லாக் கிராமங்களுக்கும் பொதுவானது.

விட்டுக்கொடுத்த நிலம்

பஞ்சாபிலும் ஹரியாணாவிலும் ஊர்ப் பொது நிலத்துக்கு 'ஷாம்லாத்' என்று பெயர். மரபுப்படி அது ஊரில் நிலம் உள்ள குடும்பங்களின் கூட்டுச் சொத்து. யாருக்கு எவ்வளவு நிலமோ அந்த அளவுக்கே பொது நிலத்திலும் பங்கு. நிலமற்ற தொழிலாளிக்கும் கைவினைஞருக்கும் அங்கு மாடு மேய்க்கலாம், விறகு பொறுக்கலாம். உரிமை மட்டும் கிடையாது.

நாடு விடுதலை பெற்றபின் இந்த நிலைமையில் இரண்டு மாற்றங்கள் ஏற்பட்டன. சிதறிக் கிடந்த வயல்களை ஒன்றுசேர்த்துத் தருவதற்காக 1948-ல் நில ஒருங்கிணைப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அந்தப் பணியின்போது ஒவ்வொரு உடைமையாளரின் நிலத்திலிருந்தும் ஒரு பங்கு பிடித்தம் செய்யப்பட்டு, பாதை, பள்ளி, குளம் போன்ற பொதுத் தேவைகளுக்கு ஒதுக்கப்பட்டது. தேவைக்குப் போக எஞ்சியது 'பச்சத்' நிலம், அதாவது மிச்ச நிலம் எனப்பட்டது. அடுத்து, 1961-ம் ஆண்டின் பஞ்சாப் கிராமப் பொது நிலச் சட்டம் ஷாம்லாத் நிலத்தை ஊராட்சிகளிடம் ஒப்படைத்தது. நிலமற்றவருக்கும் அந்த நிலத்தின் மீது குரல் கிடைத்தது அப்போதுதான்.

சிக்கல் மிச்ச நிலத்தில் தொடங்கியது. ஹரியாணா அரசு 1992-ல் சட்டத்தைத் திருத்தி, அந்த நிலமும் ஊராட்சிக்கே உரியது என்று அறிவித்தது. உடைமையாளர்கள் நீதிமன்றம் சென்றனர். 2003-ல் பஞ்சாப்–ஹரியாணா உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு, ஒதுக்கப்பட்ட நிலம் ஊராட்சிக்கு, ஒதுக்கப்படாதது உடைமையாளருக்கு என்று பிரித்துத் தீர்ப்பளித்தது.

2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் இருவர் அமர்வு இதற்கு நேர்மாறாக, ஹரியாணாவின் திருத்தம் செல்லும் என்றது. அந்தத் தீர்ப்பைப் பின்பற்றி பஞ்சாப் அரசும் அதே ஆண்டில் தன் சட்டத்தைத் திருத்தியது. ஆனால் 2024 மே மாதம், சீராய்வு மனுவை விசாரித்த உச்ச நீதிமன்றம், 1960-களில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு அளித்த தீர்ப்பு கணக்கில் கொள்ளப்படவில்லை என்று கூறி, 2022-ம் ஆண்டுத் தீர்ப்பைத் திரும்பப் பெற்றது. உச்சவரம்புக்கு உட்பட்ட நிலத்தை உரிய இழப்பீடு இன்றி எடுக்கக் கூடாது என்ற அரசியல் சாசனப் பாதுகாப்பே அந்தப் பழைய தீர்ப்பின் அடிப்படை. 2025-ம் ஆண்டுத் தீர்ப்பு 2003-ம் ஆண்டு நிலையையே உறுதி செய்தது.

ஆகவே, ஒரு நிலம் ஊருக்கா, தனியாருக்கா என்பதை இனி முடிவு செய்யப்போவது ஒருங்கிணைப்புத் திட்டத்தின் ஏட்டில் உள்ள ஒரு வரி. 'மேய்ச்சலுக்கு' என்றோ 'குளத்துக்கு' என்றோ எழுதப்பட்டிருந்தால் அது ஊருக்கு. எழுதப்படாமல் விடப்பட்டிருந்தால், ஊரார் பல தலைமுறையாகப் பயன்படுத்தி வந்திருந்தாலும் அதை நிலைநாட்டுவது கடினம்.

ஊராட்சியே துணைபோனால்?

ஊராட்சியிடம் இருந்தால் நிலம் பத்திரமாக இருக்கும் என்ற நம்பிக்கைக்கும் ஆதாரம் குறைவு. பாட்டியாலா மாவட்டம் ரோஹர் ஜாகீர் கிராமத்தில் ஊர்க் குளத்தை மண் இட்டு நிரப்பிச் சிலர் வீடு கட்டினர். மாவட்ட ஆட்சியர், அவர்களை வெளியேற்றாமல் நிலத்தின் விலையை வசூலித்துக்கொள்ளுமாறு ஊராட்சியிடம் கூறினார். ஊராட்சி அதை எதிர்க்கவில்லை. ஆக்கிரமிப்பாளர்களோடு ஊராட்சி கூட்டுச் சேர்ந்திருப்பதாக மேல்முறையீட்டை விசாரித்த ஆணையரே குறிப்பிட வேண்டிய நிலை ஏற்பட்டது.

அந்த வழக்கில் 2011 ஜனவரி 28-ம் தேதி நீதிபதிகள் மார்க்கண்டேய கட்ஜு, ஞான் சுதா மிஸ்ரா ஆகியோர் வழங்கிய தீர்ப்பே ஊர்ப் பொது நிலம் குறித்து இன்றளவும் நாடெங்கும் எடுத்தாளப்படுகிறது. வட இந்தியாவின் ஷாம்லாத் நிலத்தையும் தென்னிந்தியாவின் மந்தைவெளியையும் புறம்போக்கையும் ஒரே வரிசையில் வைத்துப் பேசிய அந்தத் தீர்ப்பு, நீர்நிலை ஆக்கிரமிப்பு தொடர்பாக 2005-ல் சென்னை உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பையும் சுட்டிக்காட்டியது.

ஆக்கிரமிப்புகளை அகற்றி, நிலத்தை ஊருக்கு மீட்டுத் தரும் திட்டங்களை எல்லா மாநிலங்களும் வகுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நெடுங்காலம் குடியிருப்பதோ, பெரும் பணம் செலவிட்டுக் கட்டியிருப்பதோ, அரசியல் செல்வாக்கோ ஆக்கிரமிப்பை முறைப்படுத்தக் காரணமாகாது என்றும் கூறியது. நிலமற்ற தொழிலாளர்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் அரசு முறைப்படி குத்தகைக்கு அளித்த நிலம், பள்ளி, மருந்தகம் போன்றவை அமைந்த இடம் ஆகியவற்றுக்கு மட்டுமே விலக்கு.

தீர்ப்பு தெளிவாக இருந்தும் நடைமுறை வேறு திசையில் செல்கிறது. 2004 மார்ச் 31-ம் தேதிக்கு முன்பு ஊராட்சி நிலத்தில் வீடு கட்டியவர்கள், 500 சதுர கெஜம் வரை விலை கொடுத்து உரிமை பெறலாம் என்று 2024-ல் ஹரியாணா சட்டத்தைத் திருத்தியது. இருபது ஆண்டுகள் வசித்துவிட்ட குடும்பங்களை இடித்துத் தள்ளுவது எளிதன்று என்பது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு முறைப்படுத்தலும் அடுத்த ஆக்கிரமிப்பாளருக்கு நம்பிக்கையைத் தருகிறது என்பதும் அதே அளவுக்கு உண்மை.

ஏலத்தில் மூன்றில் ஒரு பங்கு

பஞ்சாபில் பிரச்னை மற்றொரு முகத்தைக் காட்டுகிறது. அங்கு ஊராட்சிகளின் சாகுபடி நிலம் ஆண்டுதோறும் கோடையில் குத்தகைக்கு ஏலம் விடப்படுகிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு தாழ்த்தப்பட்ட சமூகத்தினருக்கு ஒதுக்கப்பட வேண்டும் என்பது விதி. 2011-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாநில மக்களில் ஏறத்தாழ 32 சதவீதம் பேர் தாழ்த்தப்பட்டோர். இந்தியாவிலேயே இதுதான் மிக உயர்ந்த விகிதம். சொந்த நிலத்திலோ அவர்களின் பங்கு மிகச் சொற்பம்.

விதி ஏட்டில் இருந்தும் நிலம் பல ஊர்களில் கைமாறவில்லை. பெரிய விவசாயிகள் தம்மிடம் வேலை செய்யும் தலித் ஒருவரின் பெயரில் ஏலம் எடுத்துத் தாமே சாகுபடி செய்வது வழக்கமாக இருந்தது. 2014 முதல் சங்ரூர் மாவட்டத்தில் 'ஜமீன் பிராப்தி சங்கர்ஷ் கமிட்டி' என்ற அமைப்பின் கீழ் தலித் குடும்பங்கள் இதை எதிர்த்துத் திரண்டன. சில ஊர்களில் அவர்கள் கூட்டாக ஏலம் எடுத்துக் கூட்டாகவே பயிர் செய்தனர். 2016-ல் ஜலூர் கிராமத்தில் இந்தத் தகராறு வன்முறையாக வெடித்தது.

அந்தக் குடும்பங்களுக்கு இந்த நிலம் வெறும் வருமானம் அல்ல. மாட்டுக்குப் புல் அறுக்கப் பிறர் வரப்பில் கால் வைத்து, ஏச்சு கேட்கும் நிலையிலிருந்து பெண்கள் விடுபடும் வழி அது. பொது நிலத்தின் பரப்பு சுருங்கினால், மூன்றில் ஒரு பங்கும் தானாகவே சுருங்கும்.

ஆரவல்லி சொல்லும் பாடம்

பங்கிட்ட பொது நிலம் என்னவாகும் என்பதை அறிய தில்லியிலிருந்து நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. ஃபரீதாபாத் மாவட்டத்தின் மாங்கர் கிராமத்தில் 'பனி' எனப்படும் புனிதக் காடு உள்ளது. ஆரவல்லிக்கே உரிய மரங்கள் அங்கு அடர்ந்து நிற்கக் காரணம், கிளையை ஒடிக்கக் கூடாது என்று ஊரார் தலைமுறை தலைமுறையாகக் கடைப்பிடித்த கட்டுப்பாடு. ஆனால் ஊரின் பொது மலை நிலம் 1980-களில் உடைமையாளர்களிடையே பங்கிடப்பட்டதும், அது வெளியாரின் கைக்குப் போகத் தொடங்கியது. நம்பிக்கை காடாகக் காத்த நிலத்தைப் பத்திரம் மனையாக மாற்றியது. பின்னர் மக்களும் சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் நடத்திய நீண்ட போராட்டத்தின் பயனாக, 2016-ல் அக்காட்டையும் அதைச் சுற்றியுள்ள பகுதியையும் கட்டுமானம் கூடாத இடமாக ஹரியாணா அரசு அறிவித்தது.

தில்லியின் கதை இதற்கு மாறானது. தலைநகரின் தெற்கு எல்லையில் உள்ள அசோலா–பட்டி வன உயிரின சரணாலயம் 1986-லும் 1991-லும் கிராமப் பொது நிலங்களைக் கொண்டே அமைக்கப்பட்டது. காடு பிழைத்தது. ஆனால் தில்லியின் ஊராட்சிகள் 1990-ல் கலைக்கப்பட்டன. நகர்ப்புறமாக அறிவிக்கப்பட்ட கிராமங்களின் பொது நிலம் மத்திய அரசிடம் சென்றது. தம் ஊர் நிலம் பற்றி முடிவெடுக்கும் மன்றம் ஊராருக்கு இல்லாமல் போயிற்று.

மேலிடத்து உத்தரவை மட்டும் நம்பி நிலத்தைக் காக்க முடியாது என்பதற்கும் ஆரவல்லியே சான்று. சுற்றுநிலத்திலிருந்து 100 மீட்டர் உயர்ந்த மேடுகளே ஆரவல்லி மலை எனும் வரையறையை 2025 நவம்பர் 20-ம் தேதி உச்ச நீதிமன்றம் ஏற்றது. எதிர்ப்பு வலுக்கவே, டிசம்பர் 29-ம் தேதி அதே நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது. நாற்பது நாள்களுக்குள் ஒரு மலைத்தொடரின் எல்லை இருமுறை மாறியது.

கிராம சபை நினைத்தால்

ஊர் ஒன்றுபட்டு முடிவெடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு முன்னுதாரணங்கள் உள்ளன. ராஜஸ்தானின் ராஜ்சமந்த் மாவட்டத்தில் பளிங்குச் சுரங்கங்களால் பாழ்பட்டுக் கிடந்த பிப்லாந்திரி ஊராட்சி, ஒரு பெண் குழந்தை பிறந்தால் 111 மரக்கன்றுகள் நடுவது என்று முடிவு செய்தது. ஊராட்சித் தலைவராக இருந்த ஷியாம் சுந்தர் பாலிவால் தொடங்கிய இந்த வழக்கம் தரிசு நிலத்தைப் பசுமையாக்கியது. ராஜஸ்தானின் புனிதக் காடுகளை வரைபடமாக்கி அறிவிக்குமாறு 2024 டிசம்பரில் உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், இந்த ஊராட்சியை எடுத்துக்காட்டாகப் பாராட்டியது.

ஒடிஸாவின் நியமகிரி மலையில் பாக்சைட் சுரங்கம் அமைப்பது பற்றி கிராம சபைகளே முடிவெடுக்கட்டும் என்று 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கூறியது. அதன்படி கூடிய 12 கிராம சபைகளும் சுரங்கத்தை நிராகரித்தன. மத்திய அரசும் அடுத்த ஆண்டு அனுமதி மறுத்தது. ஆனால் நியமகிரி மக்களுக்கு 2006-ம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் துணை நின்றது. சமவெளிக் கிராமங்களின் மேய்ச்சல் நிலத்துக்கு அத்தகைய பாதுகாப்பு இல்லை.

எழுதி வைக்க வேண்டிய நேரம்

ஊர்ப் பொது நிலம் அற்பமானதன்று. 1998-ல் தேசிய மாதிரி ஆய்வு நிறுவனம் நடத்திய கணக்கெடுப்பின்படி, நாட்டின் நிலப்பரப்பில் 15 சதவீதம் பொது வள நிலம். கிராமக் குடும்பங்களில் 48 சதவீதம் அங்கிருந்து விறகு, தீவனம் போன்ற ஏதேனும் ஒன்றைச் சேகரித்தன. பொருளியலாளர் என்.எஸ். ஜோதா 1980-களில் ஏழு மாநிலங்களின் வறண்ட பகுதிகளில் 80-க்கும் மேற்பட்ட கிராமங்களை ஆராய்ந்தபோது, சுமார் முப்பது ஆண்டுகளில் பொது நிலம் 31 முதல் 55 சதவீதம் வரை குறைந்திருந்ததைக் கண்டறிந்தார்.

இந்நிலையில், 2025-ம் ஆண்டுத் தீர்ப்பை உடைமையாளர்களின் வெற்றியாகவோ ஊராட்சிகளின் தோல்வியாகவோ மட்டும் காண்பது பொருந்தாது. பிடித்தம் செய்த நிலத்தை எதற்கென்று எழுதாமல் பல பத்தாண்டுகள் விட்டுவைத்த நிர்வாக அலட்சியத்தின் விலை அது. 2020-ல் தொடங்கிய 'ஸ்வாமித்வா' திட்டத்தின் கீழ் கிராமங்களின் குடியிருப்புப் பகுதிகள் ட்ரோன் மூலம் அளக்கப்பட்டு, வீட்டு உரிமையாளர்களுக்குச் சொத்து அட்டை வழங்கப்படுகிறது. தனியார் வீட்டுக்குக் காட்டிய அந்த அக்கறை ஊர்க் குளத்துக்கும் மேய்ச்சல் வெளிக்கும் காட்டப்பட வேண்டும்.

அளப்பது மட்டும் போதாது. எந்த நிலம் எதற்கு என்ற பட்டியல் கிராம சபையில் உரக்கப் படிக்கப்பட வேண்டும். குத்தகை, விற்பனை, முறைப்படுத்தல் எதுவாயினும், ஊராட்சித் தலைவரின் கையெழுத்தோடு முடியாமல், நிலமற்றவரும் பெண்களும் அமர்ந்திருக்கும் சபையின் ஒப்புதலைப் பெற வேண்டும். 1993-ல் நடைமுறைக்கு வந்த 73-வது அரசியல் சாசனத் திருத்தம், மண் வளப் பாதுகாப்பு, தீவனம், பொதுச் சொத்துப் பராமரிப்பு உள்ளிட்ட 29 துறைகளை ஊராட்சிகளுக்கு உரியவையாகப் பட்டியலிட்டது. அதிகாரத்தைத் தருவதும் தராததும் மாநிலங்களின் விருப்பத்துக்கு விடப்பட்டது.

ரோஹர் ஜாகீரில் குளம் நிரப்பப்பட்டபோது ஊராட்சி இருந்தது, ஆட்சியர் இருந்தார், சட்டமும் இருந்தது. கேள்வி கேட்கும் சபை ஒன்றுதான் இல்லை. அதை உருவாக்காதவரை, நீதிமன்றங்கள் எத்தனை தீர்ப்பு எழுதினாலும் ஊர் நிலம் ஏட்டில் ஊருக்கும், நடப்பில் வலியவருக்கும் சொந்தமாகவே இருக்கும்.