நாடா அளந்தால் போதுமா?

உயர் ரத்த அழுத்தம் நகரத்துச் செல்வந்தரின் நோய் என்ற எண்ணம் தகர்ந்துவிட்டது. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21), 15 வயது நிறைந்த கிராமப்புறப் பெண்களில் ஐவரில் ஒருவருக்கு அது உள்ளது. 15-49 வயதினரில் உடல் எடை மிகுந்தோர் ஐந்தில் ஒரு பங்கினரே. ஆயினும் வயிறு-இடுப்புச் சுற்றளவு விகிதம் பாதிக்கும் மேற்பட்டோரிடம் வரம்பை மீறியுள்ளது.

இது சோம்பலின் விளைவல்ல. உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஆளுக்கு 5 கிலோ தானியத்தோடு நின்றுவிடுகிறது. பருப்பும் காய்கறியும் கூலிக்கு எட்டுவதில்லை. வீடுவீடாகச் சென்று நாடாவால் வயிற்றுச் சுற்றளவை அளக்கும் ஆஷாக்களுக்கு ஊழியர் என்ற அங்கீகாரம்கூட இல்லை. 2025க்குள் உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதம் சுகாதாரத்திற்கு என்ற 2017 தேசியக் கொள்கையின் வாக்குறுதி காற்றில் பறந்தது.

துணை சுகாதார நிலையங்களில் தடையின்றி இலவச மாத்திரை, ரேசனில் பருப்பு, ஆஷாக்களுக்கு ஊழியர் தகுதி: இக்கோரிக்கைகள் கிராமந்தோறும் இயக்கமாக எழ வேண்டும்.