தவணை ஏறல... சரி, கடன் இறங்குச்சா?

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ மனை வாங்கி வீடு கட்டியவரிடம் கேட்டுப் பாருங்கள். 'வட்டி ஏறுச்சுன்னாங்க, ஆனா தவணை அப்படியேதான் சார் இருக்கு' என்பார் நிம்மதியாக. அந்த நிம்மதிதான் ஆபத்து!

2022 ஏப்ரலில் சில்லறைப் பணவீக்கம் 7.79 சதவிகிதம். விலைவாசியை அடக்க ரிசர்வ் வங்கி கையில் எடுத்தது ரெப்போ வட்டியை. மே தொடக்கத்தில் 4 சதவிகிதமாக இருந்தது, 2023 பிப்ரவரிக்குள் 6.5. மளிகைக் கடையில் அடி வாங்கியவருக்கு வங்கியிலும் அடி!

கணக்கைப் பாருங்கள். 20 லட்சம் கடன், 7 சதவிகிதம், 20 வருடம் என்றால் தவணை சுமார் 15,500 ரூபாய். வட்டி 9.5 ஆனால், 20 லட்சத்துக்கு ஒரு மாத வட்டியே 15,833 ரூபாய்! தவணையை ஏற்றாமல் விட்டால் அசல் எப்போது கரையும்? பேரன் காலத்திலா?

'தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று கடன்காரரைக் கேளுங்கள்' என்று ரிசர்வ் வங்கி கண்டிப்பாகச் சொன்னது 2023 ஆகஸ்டில். வட்டியெல்லாம் ஏறி முடிந்த பிறகு!

2025-ல் ரெப்போ 5.25 வரை இறங்கியது. உங்கள் கணக்கில் இறங்கியதா? வங்கிக்குப் போய்க் கேளுங்கள்: என் வட்டி எதோடு இணைந்தது? ரெப்போவுக்கு மேல் எவ்வளவு போட்டிருக்கிறீர்கள்? இன்னும் எத்தனை தவணை பாக்கி?

மழுப்பினால் வேறு வங்கிக்கு மாறுங்கள். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக்கடனை முன்கூட்டியே அடைத்தால் வங்கி அபராதம் வசூலிக்கக் கூடாது. கடன் வாங்கியது நாம்; வாயை அடகு வைக்கவில்லையே!