இராணிப்பேட்டையின் கித்தார்

"கித்தாரா? படிப்பு கெட்டுவிடும்!" என்று பிள்ளைகளைக் கடிந்துகொள்ளும் பெற்றோர் நம் பங்குகளில் பலர். தோல் தொழிலுக்குப் பெயர்பெற்ற நம் இராணிப்பேட்டையிலே பிறந்த 'கித்தார்' பிரசன்னாவை அவர்கள் அறிதல் நலம்.

சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பற் பொறியியலில் பட்டம் பெற்ற இவர், பின்னர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள பெர்க்லி இசைக் கல்லூரியில் பயின்றார். பல நாடுகளிலும் வாசித்தார்.

கருநாடக இசைக்கு உயிர் கமகம். வீணைக் கலைஞர் கம்பியை இழுத்துச் சுரத்தை அசைப்பது போன்று, இவர் மின்கித்தாரில் கமகம் எழுப்புகிறார். அமெரிக்கக் கறுப்பின மக்கள் அடிமை வாழ்வின் துயரிலிருந்து வளர்த்தெடுத்த 'புளூஸ்' இசையிலும் கம்பி இவ்வாறே வளைகிறது. அம்மரபில் ஊறிய ஜிமி ஹெண்ட்ரிக்ஸுக்குக் காணிக்கையாக, 2006இல் 'எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்' என்னும் இசைத்தொகுப்பை வெளியிட்டார். பிளவுற்ற உதட்டுடன் பிறந்த ஏழைச் சிறுமியைப் பற்றி எடுக்கப்பட்டு, 2009இல் ஆஸ்கார் விருது பெற்ற 'ஸ்மைல் பிங்கி' என்னும் ஆவணப்படத்திற்கு இசையமைத்தவரும் இவரே.

படிப்பும் இசையும் பகையல்ல என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ? பெற்றோரே, அலமாரியின்மேல் தூசி படிந்து கிடக்கும் கித்தாரை இன்று மாலையே இறக்குவோம். பாடம் முடிந்ததும் பிள்ளை வாசிக்கட்டும்; அருகிலமர்ந்து நாமும் கேட்போம்.