பதினேழாம் நாள்

மரணம் எவ்வீட்டையும் விட்டு வைப்பதில்லை. அதனால் உண்டாகும் துக்கமும் இயற்கையே. இதை மறுப்பார் யாருமில்லை. ஆனால் நம்மவர்கள் அத்துக்கத்தை ஆற்றுகிறார்களா, வளர்க்கிறார்களா என்பதே நமது கேள்வி.

தோட்டத்தில் ஒருவன் இறந்தால் நடப்பது யாது? முதல் நாள் பறையும் பந்தலும்; பதினாறாம் நாள் கருமாதியும் விருந்தும். இன்றும் பல வீடுகளில் அவன் மனைவியின் பூவும் பொட்டும் வளையலும் தாலியும் பலர் முன்னிலையில் களையப்படுகின்றன. தேற்ற வந்தவர்களே அவளை அமங்கலியாக்கி, உண்டு கலைகின்றனர். இதற்குப் பெயர் ஆறுதலாம்!

கிராணி வேலை பார்க்கும் எனக்குக் கணக்கேடே சாட்சி. கருமாதிக்கென ஒரு பெண் வாங்கிய முன்பணத்தை மாதந்தோறும் அவள் சம்பளத்திற் கழித்து எழுதியவன் நான். உண்டவர் பலர், கடன் தீர்த்தவள் ஒருத்தி.

"சடங்கன்றோ மனப்புண்ணுக்கு மருந்து?" என்பர் வைதிகர். புண்ணை ஆற்றியது சடங்கா, அன்று கூடியிருந்த சுற்றமா? சுற்றமே எனில், அது பதினேழாம் நாள் எங்கே போயிற்று? அழுகை அடங்கி, வீடு வெறிச்சோடி, அடுப்பு மூட்டவும் மனமின்றி அவள் உட்கார்ந்திருக்கும் நாள் அதுவன்றோ?

1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட மலாயாத் தோட்டத் தமிழர் பல்லாயிரவர் மாண்டனர். பலருடைய சடலமும் வரவில்லை. இறந்த நாளும் தெரியவில்லை. எந்த நாள் தொட்டுப் பதினாறு எண்ணுவது? அவர்களெல்லாம் நற்கதி இழந்தார்கள் என்று கூற எந்தச் சாஸ்திரிக்குத் துணிவுண்டு?

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல், 2022 முதல் நடைமுறைக்கு வந்த பதினொன்றாம் பதிப்பில், ஆறு மாதங்கடந்தும் தணியாது வாழ்வை முடக்கும் கடுந்துக்கத்தை நோயாகவே குறிக்கிறது. நம்மிலோ, அவ்வாறு வாடுபவளைப் பேய் பிடித்தவளென்று பூசாரியிடம் இழுத்துச் செல்வோர் இன்னும் உளர். வைத்தியரிடம் அழைத்துச் செல்வது கருமாதிச் செலவிலும் பெரிதோ?

தோழர்களே! கூடி அழுவதை நாம் வெறுக்கவில்லை. அது மனிதத் தன்மை. விருந்தை நிறுத்துங்கள். பூவையும் பொட்டையும் அவள் விருப்பத்திற்கே விடுங்கள். சேமநிதிக்கும் சொக்சோ உதவிக்கும் உரிய தாள்களை எழுதிக் கொடுங்கள். அவள் பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லுங்கள். இறந்தவன் பெயரைச் சொல்லிப் பேச அவளுக்கு ஒரு செவி கொடுங்கள்.

பதினாறாம் நாள் வராவிடினும் குற்றமில்லை. பதினேழாம் நாள் தவறாது வாருங்கள்!